குமாஸ்தாவின் மூன்றாம் அங்கம்

ஸகரிய்யா எழுதிய நாடகத்தில் குமாஸ்தா கலகம் செய்வது மூன்றாம் அங்கத்தில்தான். முதல் இரண்டு அங்கங்களிலும் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருப்பான். இருபது வருடமாக ஒரே வாக்கியம். மூன்றாம் அங்கத்தில் மேசைமேல் ஏறி நின்று கோப்புகளைக் கிழித்து வீசுவான், பெரிய பதிவேட்டுக்குத் தீ வைப்பான், கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கடலைப் பார்த்து நடந்துபோவான். அதோடு திரை.

ஸகரிய்யா மருந்துக்கடை வைத்திருந்தார். எங்கள் அமெச்சூர் குழுவுக்கு நாடகம் எழுதுவதும் இயக்குவதும் அவர்தான். அலுவலகத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஜன்னலுக்கு வெளியே நின்று தெரிந்துகொண்டது. அந்தக் குறை அவருக்கே உறுத்தியிருக்க வேண்டும். ஒத்திகை தொடங்கிய இரண்டாம் வாரம் என்னைக் கூப்பிட்டு, நாதிரா, உங்கள் அலுவலகத்திலிருந்து உண்மையான குமாஸ்தா ஒருவரை அழைத்துவா, எப்படி உட்காருவது என்று லுத்ஃபிக்குக் காட்டட்டும் என்றார்.

லுத்ஃபிதான் கதாநாயகன். பகலில் பள்ளிக்கூடத்துத் தேகப்பயிற்சி வாத்தியார். முதுகு வளையாத ஆள். நாற்காலியில் உட்காரவைத்தால், யாராவது விசில் ஊதுவார்களா என்று காத்திருப்பவன் போல உட்கார்ந்தான். நான் குழுவில் நடித்ததில்லை. மேடையோரத் திரைக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மறந்தவர்களுக்கு வசனம் எடுத்துக்கொடுப்பேன். காலையில் குமாஸ்தா, மாலையில் இது. இரண்டிலும் என் முகத்தை யாரும் பார்க்கவேண்டியதில்லை.

நான் அழைத்துப்போனது ரிஃபாத் ஷலபியை. என் பக்கத்து மேசைக்காரர். நாற்பத்தாறு வயது. வீடு சூயஸ் கால்வாய்க்கு அக்கரையில், போர்ட் ஃபுவாதில். மனைவி, மூன்று பெண்கள். தினமும் காலை ஏழே முக்காலுக்குப் படகில் வருவார், இரண்டரைக்குப் படகில் போவார். அவரைப் பற்றி அதற்குமேல் யாரும் எதுவும் கேட்டதில்லை. அவரைத் தேர்ந்தெடுத்ததற்கு எனக்கு ஒரே காரணம்தான் இருந்தது. ஸகரிய்யாவின் குமாஸ்தாவைப் போலவே அவரும் ஒரே வாக்கியத்தை எழுதிக்கொண்டிருந்தார்.

போர்க்காலத்தில் எங்கள் ஊரான போர்ட் சயீதைக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். ஊரே நைல் டெல்டாப் பக்கத்து நகரங்களில் சிதறிப்போய், பள்ளிக்கூட வகுப்பறைகளிலும் உறவினர் வீட்டு மொட்டைமாடிகளிலும் வருடக்கணக்கில் கிடந்தது. கால்வாய் திறந்து கப்பல்கள் வரத் தொடங்கியபின் ஊரும் திரும்பிக்கொண்டிருந்தது. திரும்பி வந்தவர்கள் தாங்கள் இந்த ஊர்க்காரர்கள்தான் என்று காகிதம் காட்ட வேண்டும். அது இல்லாவிட்டால் புதுக் குடியிருப்பில் வீடு கிடையாது, ரேஷன் அட்டை கிடையாது, பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கிடையாது. அந்தக் காகிதத்தைக் கொடுப்பது எங்கள் அலுவலகம். எழுதுவது ரிஃபாத். "கீழே பெயர் கண்டவர் போருக்கு முன் இந்நகரில் நிரந்தரமாகக் குடியிருந்தவர் என்று இரு சாட்சிகளின் கையொப்பத்தின் பேரில் சான்றளிக்கப்படுகிறது." ஒரு நாளைக்கு நாற்பது முறையாவது எழுதுவார். இரண்டு வருடமாக எழுதிக்கொண்டிருந்தார்.

சாட்சிகளிடம்தான் சிக்கல். சாட்சி சொல்கிறவரிடம் அதே காகிதம் ஏற்கெனவே இருக்க வேண்டும். முதன்முதலில் வாங்கியவர்களுக்கு யார் சாட்சி சொன்னார்கள் என்று நான் ஒருமுறை கேட்டேன். அது பழைய சுற்றறிக்கை என்றார் ரிஃபாத். அக்கம்பக்கத்தார் இன்னும் தன்தாவிலும் மன்சூராவிலும் இருக்க, தனியாகத் திரும்பி வந்தவர்களுக்குச் சாட்சி கிடைக்கவில்லை. அவர்களுடைய கோப்புகள் அவருடைய மேசையின் இடப்பக்கம் அடுக்கியிருந்தன. அறுபத்து மூன்று. அவர்கள் வாரம் ஒருமுறை வருவார்கள். ரிஃபாத் தலையை நிமிர்த்தாமல், "ரெண்டு சாட்சி கூட்டிட்டு வாங்க" என்பார். அவர்கள் போவார்கள்.

அழைத்ததும் ரிஃபாத் வந்துவிட்டது எனக்கே ஆச்சரியம். மாலைப் படகில் திரும்பி வந்து, நகராட்சிக் கலாச்சார மன்றத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து ஒத்திகையைக் கடைசிவரை பார்த்தார். பிறகு மேடையேறி லுத்ஃபிக்குச் சொல்லிக்கொடுத்தார். முழங்கையை மேசையின் எந்த இடத்தில் ஊன்றினால் கோட்டு தேயாது, குண்டூசியைக் காலரின் உள்பக்கம் எப்படிக் குத்தி வைப்பது, கோப்பின் நாடாவை ஒரே கையால் எப்படி அவிழ்ப்பது, மையொற்றும் காகிதத்தை எந்தப் பக்கம் புரட்டினால் சத்தம் வராது என்று எல்லாவற்றையும் காட்டினார். லுத்ஃபி நல்ல மாணவன். மூன்று மாலைகளில் முதுகு தானாக வளைந்துவிட்டது.

நான்காம் மாலை லுத்ஃபி முதல் அங்கத்தை முழுதாக நடித்தான். ஜன்னலில் ஆட்கள் வருகிறார்கள், கேட்கிறார்கள், போகிறார்கள். அவன் ஒருமுறைகூட நிமிரவில்லை. பேனா மட்டும் நகர்ந்தது. நாளைக்கு வாங்க என்ற சொல் அவனுடைய நெற்றியிலிருந்து வருவதுபோல இருந்தது. குழுவில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஸகரிய்யா கைதட்டினார்.

ரிஃபாத் சிரிக்கவில்லை. கோபப்பட்டதாகவும் தெரியவில்லை. என் ஸ்டூலுக்குப் பக்கத்தில் வந்து நின்று மெதுவாகக் கேட்டார்.

"நான் நிமிந்து பாக்கறதில்லையா?"

"இல்ல உஸ்தாத்," என்றேன். "நான் பாத்ததில்ல."

"எத்தனை வருஷமா என் பக்கத்துல இருக்கீங்க?"

"ரெண்டு."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

மூன்றாம் அங்கம் ஒத்திகைக்கு வந்தது அடுத்த வாரம். லுத்ஃபி மேசைமேல் ஏறினான், கத்தினான், கிழித்தான். ஒத்திகை என்பதால் தீ வைக்கவில்லை, வெறும் தீப்பெட்டியைத் தட்டிக் காட்டினான். ரிஃபாத் கை தூக்கினார். வகுப்பில் பையன் கை தூக்குவதுபோல ஒரு விரலைத்தான் தூக்கினார். அந்தப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது என்று கேட்டார்.

அது ஒரு குறியீடு என்றார் ஸகரிய்யா. அந்தப் பதிவேடு அவன் வீணாக்கிய வாழ்க்கை, அதைத்தான் எரிக்கிறான் என்று விளக்கினார்.

"சரிதான் டாக்டர்," என்றார் ரிஃபாத். மருந்துக்கடைக்காரரை ஊரில் எல்லாரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். "ஆனா அதுல இருக்கிறவன் மறுநாக் காலையில ஜன்னலுக்கு வருவான். இவன் கடலைப் பாக்கப் போயிட்டான். வந்தவன் எங்க போவான்?"

ஸகரிய்யாவுக்கு எரிச்சல் வந்தது. முழு நாடகத்துக்கும் சேர்த்து அவர் ரசித்து எழுதிய இடம் அதுதான்.

"அப்ப நீங்களே சொல்லுங்க. நீங்களா இருந்தா எப்படிக் கலகம் பண்ணுவீங்க? நல்லா இருந்தா அதையே எழுதிடறேன்."

குழுவினர் சிரித்தார்கள். ரிஃபாத் கலகம் செய்வதை யாராலும் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவரோ கேள்வியை நேரான கேள்வியாகவே எடுத்துக்கொண்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

யோசிக்கத்தான் செய்தார். அந்த வாரம் முழுவதும் மேசையில் வழக்கத்தைவிட மெதுவாக எழுதினார். படகில் அவரைப் பார்த்த ஒருவர், இறங்க வேண்டிய கரையில் இறங்காமல் அதே படகில் திரும்பிப்போனார் என்று சொன்னார். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது.

அதே வாரம்தான் உம்மு ஹாஷிம் வந்தாள். அறுபத்து மூன்றில் அவளும் ஒருத்தி. உள்ளூர் ஜனங்கள் வாழ்ந்த அரபுப் பகுதியில் மீன்வலை பின்னிக்கொண்டிருந்தவள். புருஷன் தன்தாவில் இறந்துவிட்டான். பேரப் பிள்ளைகள் இரண்டு பேரோடு ஒரு தங்கச்சி வீட்டு முன்னறையில் தங்கியிருந்தாள். எத்தனையாவது முறை வருகிறாள் என்ற கணக்கு அவளுக்கே தப்பிப்போயிருந்தது. வழக்கமான பதிலை எதிர்பார்த்து, வந்ததுமே திரும்பத் தயாராக நின்றாள். ரிஃபாத் நிமிர்ந்தார்.

"உங்க தெருமுனையில என்ன கடை இருந்துச்சு ஹாஜியம்மா?"

அவள் திகைத்துப்போனாள். ஏதோ புதுச் சட்டம் வந்திருக்கிறது என்று நினைத்திருப்பாள்.

"கரிக்கடை. இத்ரீஸ் வச்சிருந்தான். காலு விந்தி விந்தி நடப்பான்."

"எந்தக் காலு?"

"எடது காலு. எதுக்குக் கேக்கற மவனே?"

சும்மாதான் என்றார் ரிஃபாத். பிறகு சாட்சி கூட்டி வரச் சொல்லிவிட்டு மறுபடி எழுதத் தொடங்கினார். போருக்கு முன்னால் அவர் இதே அலுவலகத்துக்காகத் தெருத்தெருவாகப் போய் வீடு கணக்கெடுத்தவர் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அரபுப் பகுதியின் ஒவ்வொரு சந்தும் அவருக்குத் தெரியும். கரிக்கடை இத்ரீஸையும் தெரியும்.

அடுத்த ஒத்திகையில் அவர் தன் பதிலைச் சொன்னார். குமாஸ்தா ஒரே நாளில் தேங்கிக்கிடக்கிற கோப்பையெல்லாம் முடித்து, ஜன்னலில் நிற்கிற எல்லாருக்கும் காகிதத்தைக் கொடுத்து அனுப்பிவிடுவான். கடைசியில் ஜன்னலில் யாரும் இருக்க மாட்டார்கள். அதுதான் மூன்றாம் அங்கம்.

ஸகரிய்யா கையிலிருந்த பிரதியை மூடி வைத்தார். பிறகு மரியாதையாகவே சொன்னார். "உஸ்தாத், அது வேலை. ஜனங்க தூங்கிடுவாங்க."

இருக்கலாம் என்று ரிஃபாத் ஒப்புக்கொண்டார். லுத்ஃபி மட்டும் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். எழுதியதில் ஒரு சொல்கூட மாறவில்லை.

வியாழக்கிழமை மாலை நாடகம். அமெச்சூர் குழுக்களுக்கான போட்டி அது. கெய்ரோவிலிருந்து மூன்று நடுவர்கள் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். கல்யாணப் பந்தல்காரரிடம் வாடகைக்கு வாங்கிய நாற்காலிகள் அத்தனையும் நிறைந்து, சுவரோரமும் ஆட்கள் நின்றார்கள். ஊர் திரும்பியபின் நடக்கிற முதல் நாடகம் என்பதால் கூட்டம். பாதிப் பேரை நான் எங்கள் ஜன்னலில் பார்த்திருக்கிறேன். ரிஃபாத் மனைவியோடும் பெண்களோடும் நடுவில் உட்கார்ந்திருந்தார்.

முதல் இரண்டு அங்கங்களும் நன்றாகப் போயின. லுத்ஃபியின் ஒவ்வொரு "நாளைக்கு வாங்க"வுக்கும் அரங்கம் அதிர்ந்தது. சொந்த அனுபவமாயிற்றே. மூன்றாம் அங்கத்தில் அவன் மேசைமேல் ஏறியதும் விசில் பறந்தது. கோப்புகளைக் கிழித்தபோது கொஞ்சம் குறைந்தது. பதிவேட்டைத் தகரத் தட்டில் வைத்துத் தீக்குச்சியை உரசினான். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏய், நில்லுடா. எங்க பேரு அதுலதானே இருக்கு."

யாரென்று திரைக்குப் பின்னால் இருந்த எனக்குத் தெரியவில்லை. பிறகு சிரிப்பு எழுந்தது. அதோடு நிற்கவில்லை. சுவரோரம் நின்றவர்களில் ஒருவர், மூணு மாசமா அலையறோம், இவன் எரிக்கிறானாம் என்றார். இன்னொருவர் மேடைக்கருகே வந்துவிட்டார். அதற்குமேல் சிரிப்புக் குறைந்து முணுமுணுப்புத்தான் கேட்டது.

லுத்ஃபியின் கையில் குச்சி எரிந்துகொண்டிருந்தது. அடுத்த வசனம் அவனுக்குத் தெரியும். இருந்தாலும் நான் எடுத்துக்கொடுத்தேன். "எரியட்டும், இருபது வருடம் எரியட்டும்." இரண்டு முறை சொன்னேன். அவன் கேட்டமாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. குச்சி விரலைச் சுட்டதும் உதறினான். அரங்கத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றான். பிறகு மேசையிலிருந்து இறங்கி, கிழித்துப்போட்ட காகிதங்களைப் பொறுக்கத் தொடங்கினான். அதற்கு வசனமே இல்லை. எல்லாவற்றையும் பொறுக்கி முடிக்க நெடுநேரம் ஆயிற்று. அரங்கம் பார்த்துக்கொண்டே இருந்தது. யாரும் தூங்கவில்லை. கடைசிக் காகிதத்தை அடுக்கிவிட்டு, கோட்டையும் கழற்றாமல், கடல் பக்கம் போகாமல் வந்த வழியே உள்ளே வந்துவிட்டான். திரையை இழுக்க வேண்டும் என்று எனக்குத்தான் கடைசியில் தோன்றியது.

எங்களுக்குப் பரிசு கிடைக்கவில்லை. நாடகத்தின் முடிவு தெளிவாக இல்லை என்று நடுவர்கள் எழுதியிருந்தார்கள். ஸகரிய்யா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. மூன்றாவது முறையும் எடுத்துக்கொடுத்திருக்க வேண்டும் என்பது அவர் வாதம்.

வெள்ளி விடுமுறை. சனிக்கிழமை காலை ரிஃபாத் வழக்கமான படகில் வந்தார். கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார். இடப்பக்கத்து அடுக்கிலிருந்து முதல் கோப்பை எடுத்து அவிழ்த்தார். சாட்சி என்ற இடத்தில் தன் பெயரையும் தன் காகிதத்தின் எண்ணையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஊழியர் சாட்சி சொல்லக்கூடாது என்று எந்த விதியிலும் இல்லை. யாருக்கும் அப்படி ஒன்று எழுத வேண்டும் என்று தோன்றியிருக்காது.

பிறகு கோப்பை என் பக்கம் நகர்த்தினார்.

"இன்னொரு சாட்சி வேணும் நாதிரா. உங்ககிட்டயும் காகிதம் இருக்கு. நீங்க அரபுப் பகுதிதானே."

திறந்திருந்தது உம்மு ஹாஷிமின் கோப்பு. அவளுடைய சந்துக்கு அடுத்த சந்துதான் எங்களுடையது. கரிக்கடையில் நானே கரி வாங்கியிருக்கிறேன். இருந்தாலும் என் கை பேனாவுக்குப் போகவில்லை. மேலிடத்தில் கேட்டால் என்ன சொல்வது என்றேன். தெரிந்ததைச் சொல்லலாம் என்றார். நான் எனக்கு முன்னால் இருந்த தபால் பதிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வற்புறுத்தவில்லை. கோப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

தேநீர் கொண்டுவந்த பையூமி சாச்சாவைக் கேட்டார். முப்பது வருடமாக அந்தக் கட்டடத்தில் தேநீர் போடுகிறவர். அவருக்கு எழுதத் தெரிந்தது தன் பெயர் மட்டும்தான். அதை இதுவரை அரசாங்கக் காகிதம் எதிலும் யாரும் எழுதச் சொன்னதில்லை. ஒவ்வொரு கோப்பிலும் யார், எந்தச் சந்து என்று ரிஃபாத் படித்துச் சொன்னார். சாச்சா, ஆமா, தெரியும், அவ புருஷன் என்கிட்ட தேத்தண்ணி குடிச்சிருக்கான், சீனி மூணு கரண்டி என்பதுபோல ஏதாவது சொல்லிவிட்டு, தட்டைக் கீழே வைத்து, நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். தெரியாது என்று அவர் சொன்ன நான்கு பேரை, வரும்போது கேட்டுக்கொள்ளலாம் என்று ரிஃபாத் தனியாக எடுத்து வைத்தார். அன்று அலுவலகத்தில் பாதிப் பேருக்குத் தேநீர் வரவில்லை.

முத்திரை மேடம் ஹிக்மத்திடம் இருந்தது. அரசாங்கத்தின் கழுகு முத்திரை. அது விழாத காகிதம் வெறும் காகிதம்தான். அவர் பிரிவுத் தலைவி, பத்திலிருந்து பன்னிரண்டு வரை முத்திரை குத்துவார், முத்திரையைக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் கழிப்பறைக்குக்கூடப் போவார். எல்லாம் அங்கே நின்றுவிடும் என்று நான் நினைத்தேன், உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. ரிஃபாத் ஐம்பத்தொன்பது காகிதங்களை மற்றவற்றோடு சேர்த்து வழக்கம்போல அவர் முன்னால் வைத்தார். மேடம் ஹிக்மத் தொலைபேசியில் தன் மகளின் நிச்சயதார்த்தத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே ஒவ்வொன்றாகக் குத்தி நகர்த்தினார். சாட்சி பெயரை அவர் படித்ததே இல்லை. இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்தது.

சனி முதல் புதன் வரை ரிஃபாத் ஜன்னலில் காகிதம் கொடுத்தார். வாங்கியவர்கள் பெரும்பாலும் நம்பவில்லை. சிலர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்கள். ஒருவர், வேற எங்க போகணும் என்று மூன்று முறை கேட்டார். எங்கேயும் இல்லை, வீட்டுக்குத்தான் என்றார் ரிஃபாத். உம்மு ஹாஷிம் காகிதத்தை மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வேகமாகப் போய்விட்டாள். திரும்ப வாங்கிவிடுவார்களோ என்ற பயம்தான். தனியாக எடுத்து வைத்த நான்கு பேரும் வந்தார்கள். அவர்களிடம் கடை, பள்ளிவாசல், தண்ணீர்க் குழாய் என்று கேட்டுப் பார்த்துவிட்டு அவர்களுக்கும் ரிஃபாத் கையெழுத்துப் போட்டார். தன்னைவிட ரிஃபாத்துக்கு அதிகம் தெரியும் என்று சொல்லி சாச்சாவும் போட்டார்.

வியாழக்கிழமை, சாட்சியோடு வந்தவர்களை அனுப்பியபின், ஜன்னல் வெறுமையாக இருந்தது. அதுதான் காட்டிக்கொடுத்தது. துணை இயக்குநர் நடைபாதையில் போனவர் வரிசை இல்லாததைக் கண்டு நின்றார். அலுவலகம் விடுமுறையா என்று கேட்டார்.

விசாரணைக்குச் சட்டப் பிரிவிலிருந்து ஒருவர் வந்தார். ஸாமி கிர்கிஸ் என்று பெயர். இளைஞர், குளிர்ந்த குரல், மேசைமேல் எல்லாவற்றையும் கோணலில்லாமல் வைப்பவர். ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். ரிஃபாத்திடம் என்ன கேட்டார் என்பதைப் பிறகு அறிக்கையைத் தட்டச்சு செய்தபோது நானே படித்தேன். இரண்டு வருடம் செய்யாததை ஏன் ஒரே நாளில் செய்தீர்கள் என்பது கேள்வி. இரண்டு வருடம் ஏன் செய்யவில்லை என்பதற்குத்தான் தன்னிடம் பதில் இல்லை என்று அவர் சொல்லியிருந்தார். ஸாமி கிர்கிஸ் அதை அப்படியே பதிவு செய்து, பக்கத்தில் பதில் திருப்திகரமாக இல்லை என்று எழுதியிருந்தார்.

அறுபத்து மூன்று பேரையும் தேடிப்பிடித்து விசாரித்தார்கள். அறுபத்திரண்டு பேர் உண்மையிலேயே இந்த ஊர்க்காரர்கள். ஒருவன் மட்டும் தம்யாத்தைச் சேர்ந்தவன். பின்னால் கேட்ட நான்கு பேரில் அவனும் ஒருவன். போருக்கு முன் சிற்றப்பன் வீட்டில் கோடைக்கு வந்து தங்கியிருக்கிறான். கடை, பள்ளிவாசல், குழாய் எல்லாம் சரியாகச் சொன்னான். ரிஃபாத் ஏமாந்துவிட்டார். அதை அவர் மறுக்கவில்லை. அவனைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவருக்கு முகம் கறுத்தது. அந்தக் காகிதம் இன்னொருவருக்குப் போக வேண்டிய வீடு என்று சொன்னார்.

என்னையும் கூப்பிட்டார்கள். சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லி உங்களை யாராவது கேட்டார்களா என்றார் ஸாமி கிர்கிஸ். இல்லை என்றேன். பக்கத்து மேசையில் ஐம்பத்தொன்பது கோப்புகள் கையெழுத்தாவதை நீங்கள் கவனிக்கவில்லையா? தபால் பதிவில் மும்முரமாக இருந்தேன் என்றேன். அவர் எழுதிக்கொண்டார். பிறகு அறிக்கையில் பார்த்தேன். பையூமியைத் தவிர வேறு யாரையும் கேட்கவில்லை என்று ரிஃபாத் எனக்கு முன்பே வாக்குமூலம் கொடுத்திருந்தார். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்று புரியவில்லை. அல்லது புரிந்தது.

சாச்சாவுக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை வந்தது. தன் பெயர் தட்டச்சில் இருந்த அந்தக் கடிதத்தை அவர் தேநீர் அறைச் சுவரில் ஒட்டிவைத்தார். மேடம் ஹிக்மத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. முத்திரை ஒழுங்காகக் குத்தப்பட்டிருந்தது என்று அறிக்கை சொன்னது. ரிஃபாத்தைப் போர்ட் ஃபுவாத் தண்ணீர் அலுவலகத்துக்கு மாற்றினார்கள், பதவி உயர்வு இரண்டு வருடம் தள்ளிப்போயிற்று. எந்த ஊழியரும் விண்ணப்பதாரருக்குச் சாட்சியாகக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. அதைத் தட்டச்சு செய்ததும் நான்தான். அடுத்த மாதத்துக்குள் இடப்பக்கத்து அடுக்கு மறுபடி வளரத் தொடங்கியது. அந்த மேசைக்கு இஸ்மாயிலிய்யாவிலிருந்து ஒரு புது ஆள் வந்தார்.

மற்ற அறுபத்திரண்டு காகிதங்களும் செல்லும் என்று முடிவாயிற்று. உம்மு ஹாஷிமுக்குப் புதுக் குடியிருப்பில் மூன்றாம் மாடியில் வீடு கிடைத்தது. படியேற முழங்கால் வலிக்கிறது, தரைத்தளமாகக் கொடுத்தால் என்ன என்று விண்ணப்பம் எழுதிக்கொண்டு எங்களிடமே வந்தாள். அது எங்கள் பிரிவு இல்லை என்று அனுப்பிவிட்டோம்.

லுத்ஃபியிடம் நடந்ததையெல்லாம் நான்தான் சொன்னேன். கேட்டுவிட்டு, அன்றைக்கு மேடையில் ரிஃபாத் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று தேடினேன், வெளிச்சம் கண்ணில் அடித்ததால் தெரியவில்லை என்றான். அடுத்த நாடகத்தில் நடிக்கவும் அவன் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் கைப்பந்துப் போட்டி என்று காரணம் சொன்னான்.

கோடை முடிகிற சமயம் ஒரு வெள்ளிக்கிழமை நான் படகேறி போர்ட் ஃபுவாதுக்குப் போனேன். ஒரு பை கொய்யாப்பழம் வாங்கிக்கொண்டேன். ரிஃபாத்தின் வீட்டுச் சின்னத் தோட்டத்தில் நாற்காலி போட்டார்கள். அவருடைய மனைவி எலுமிச்சைச் சாறு கொண்டுவந்தாள். பெண்களில் ஒருத்தி மேல்நிலைப் பள்ளியில் தேறியிருந்தாள், அதைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினோம். தண்ணீர் அலுவலகம் எப்படி இருக்கிறது என்றேன். மீட்டர் பார்க்க நடக்க வேண்டியிருக்கிறது, உடம்புக்கு நல்லது என்றார். ஒரு வீட்டில் மீட்டர் பின்னோக்கி ஓடியதையும் அதற்கு யாராலும் காரணம் கண்டுபிடிக்க முடியாததையும் விவரமாகச் சொன்னார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

நான் ஒன்றைச் சொல்லத்தான் போயிருந்தேன். அன்றைக்குக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும் என்றோ, விசாரணையில் பொய் சொன்னேன் என்றோ, இரண்டில் ஏதாவது ஒன்றை. மீட்டர் கதை முடிந்ததும் சொல்லலாம் என்று காத்திருந்தேன். முடிந்ததும் அவர் கொய்யாப்பழத்தை வெட்டி ஒரு துண்டை என்னிடம் நீட்டினார். படகுச் சங்கு ஊதியது. நேரமாகிறது என்று எழுந்துவிட்டேன். வாசல்வரை வந்தார். பெண்ணின் படிப்புக்கு ஏதாவது யோசனை இருந்தால் சொல்லுங்கள் என்றார். சொல்கிறேன் என்றேன்.